வொல்கேனோவா, அரைசரா? அப்பாவின் சளிக்கு டொரொன்டோவில் இருந்து ஒரு மெஷின்

கல்லடியில் இருந்து தம்பி ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான். டொரொன்டோவில் இருக்கும் அத்தான், அப்பாவுக்கு மேசையில் வைத்துப் பாவிக்கிற மூலிகை வேப்பரைசர் ஒன்று அனுப்பப் போகிறார். தெரிவு இரண்டு. நண்பர் ஒருவர் பாவித்த வொல்கேனோ கிளாசிக் பாதி விலைக்குக் கிடைக்கிறது. இல்லாவிட்டால் புது அரைசர் எக்ஸ்ட்ரீம் கியூ வாங்கலாம். அப்பாவுக்கு வயது 68. மாரி தொடங்கினால் நெஞ்சில் சளி கட்டும். நொச்சியும் துளசியும் போட்டு வேது பிடிக்கிறவர், இப்போது கை நடுங்குவதால் கொதிதண்ணீர்ச் சட்டியைக் கண்டு வீட்டாருக்குப் பயம். இரண்டில் எது தரமாகச் செய்தது, எது காசுக்குப் பெறுமதி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரியவேண்டியது, அந்தச் சட்டி செய்த வேலையை இந்த மெஷின் செய்யுமா என்பதுதான் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நான் டொக்டர் இல்லை, வைத்தியரும் இல்லை. ஜெர்மனியில் மருத்துவக் கருவிகள் திருத்தும் பட்டறையில் சில வருடம் வேலை செய்தேன். இப்போது மட்டக்களப்பில் நெபுலைசர், பிரஷர் மெஷின், ஒக்சிசன் கொன்சன்ட்ரேட்டர் போன்றவற்றைத் திருத்துகிறேன். ஹீட்டர், பியூஸ், பம்ப், பிளக் பற்றி நான் சொல்வதை நம்பலாம். நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பதில் என் பேச்சுக்குப் பாதிப் பெறுமதிதான்.

இந்த மெஷின்கள் எதற்குச் செய்யப்பட்டவை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. கடையில் மூலிகை என்று எழுதியிருக்கும். உண்மையில் வடிவமைத்தது கஞ்சாவுக்கு. இலையை எரிக்காமல், அதற்குள்ளால் சூடான காற்றை விட்டு, எண்ணெய்ப் பொருட்களை மட்டும் ஆவியாக்கி எடுப்பதுதான் வேலை. எரியாததால் புகையும் தாரும் குறைவு. அதற்காகத்தான் வெப்பநிலையை இவ்வளவு துல்லியமாகக் கட்டுப்படுத்துகிறார்கள்: கொஞ்சம் குறைந்தால் வேண்டிய பொருள் வராது, கொஞ்சம் கூடினால் இலை கருகும். வொல்கேனோ மெடிக் என்று ஒரு வகை ஜெர்மனியில் மருத்துவக் கருவியாகவே அங்கீகாரம் பெற்றது. அதுவும் டொக்டர் எழுதிக் கொடுக்கிற கஞ்சா மருந்துக்காகத்தான், நொச்சிக்காக இல்லை.

சரி, செய்நேர்த்திக்கு வருவோம். வொல்கேனோவைச் செய்வது ஸ்டோர்ஸ் அன்ட் பிக்கல். ஊர் டுட்லிங்கன். சத்திரசிகிச்சைக் கருவிகளுக்குப் பேர்போன ஜெர்மன் நகரம் அது. அந்த ஊர்க் கைப்பழக்கம் இந்த மெஷினிலும் தெரியும். 2000ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த அதே கூம்பு வடிவத்தை இன்றைக்கும் செய்கிறார்கள். 2018இல் கம்பனி கனடாவின் கனோபி குரோத் என்ற கஞ்சாக் கம்பனிக்குக் கைமாறியது, அதற்குப் பிறகும் உற்பத்தி அங்கேதான். உள்ளே கனமான அலுமினியக் கட்டி ஒன்று சூடாகும். சின்னப் பம்ப் ஒன்று காற்றை அதற்குள்ளால் தள்ளி, இலை வைத்த அறையைத் தாண்டி, மேலே மாட்டிய பலூனை நிரப்பும். கட்டி கனம் என்பதால் காற்று ஓடும்போதும் சூடு சட்டென்று இறங்காது. கிளாசிக் வகையில் திரையும் இல்லை, மென்பொருளும் இல்லை. 1 முதல் 9 வரை ஒரு குமிழ், ஏறக்குறைய 130 முதல் 230 பாகை செல்சியஸ் வரை. திருத்துகிறவனுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. திரை போய்விட்டது, போர்ட் போய்விட்டது என்று தூக்கிப் போடத் தேவையில்லை. 2019இல் வந்த ஹைபிரிட்டில் திரை, தொலைபேசிச் செயலி, பலூனோடு குழாய் எல்லாம் உண்டு. வசதிதான், ஆனால் இலத்திரனியல் கூடக்கூட நம் ஊரில் பழுதாகும் வாய்ப்பும் கூடும்.

எக்ஸ்ட்ரீம் கியூவைச் செய்வது கனடாவின் வாட்டர்லூ நகரத்து அரைசர். வேறு தத்துவம். செராமிக் ஹீட்டர், சின்ன விசிறி, திரை, ரிமோட். இலை வைக்கும் கிண்ணம் கண்ணாடி, முழங்கைபோல வளைந்த இணைப்பும் கண்ணாடி. குழாயாலும் இழுக்கலாம், பையிலும் நிரப்பலாம். காற்று ஓடும் பாதையில் கண்ணாடி இருப்பது பெரிய நல்ல குணம்: வேறு வாசம் சேராது, கழுவுவதும் லேசு. ஆனால் உடைகிற பொருளும் அதுதான். விசிறி பலமில்லாததால் பை நிரம்ப நேரம் எடுக்கும். உடம்பைக் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும், வொல்கேனோ வேறு தட்டு. ஆனால் வொல்கேனோவின் புது விலையில் அரைவாசியோ அதற்கும் குறைவாகவோ இது கிடைக்கும். அதே கம்பனியின் வி-டவரில் விசிறியும் இல்லை, நாமேதான் மூச்சால் இழுக்கவேண்டும். நெஞ்சு பலவீனமான ஆளுக்கு அது வேண்டாம்.

இன்னொரு வேப்பரைசரான அமெரிக்காவின் டா புத்தா, அலுமினிய உடம்பும் ஒரே ஒரு குமிழும் கொண்டது. எளிமைக்காகவே எனக்குப் பிடிக்கும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிற பெயரில்லாத மரப்பெட்டி வகைகளைப் பற்றி ஒரு வரி போதும்: சூடாகும் இடத்துக்குப் பக்கத்தில் பசையும் வார்னிஷும் பிளாஸ்டிக்கும் இருக்கிற எதையும் வாயில் வைத்து இழுக்காதீர்கள்.

ஆகவே டொரொன்டோவில் இருக்கிற ஒருவர் என்னைக் கேட்டால் பதில் லேசு. பாதி விலைக்கு நல்ல நிலையில் வொல்கேனோ கிளாசிக் வந்தால் அதை எடுங்கள். பத்து வருடம் பாவித்ததும் ஓடும்; பலூனும் வால்வும் தேயும், மற்றது நிற்கும். அங்கே அது காசுக்குப் பெறுமதி.

கல்லடிக்கு அந்தப் பதில் பொருந்தாது. கனடாவில் வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். வொல்கேனோவில் கரண்ட் வயர் நேரே மெஷினுக்குள் போகிறது. இடையில் அடாப்டர் கிடையாது. அங்கே விற்பது அந்த நாட்டு வோல்டேஜுக்கு உரியது, ஐரோப்பாவில் விற்பது வேறு. 120 வோல்ட் ஹீட்டரை 230இல் மாட்டினால் சூடு இரண்டு மடங்கு ஆகும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் சூடு ஏறும். கணக்குப் போட்டால் மூன்றரை மடங்குக்கும் மேல். அதிர்ஷ்டம் இருந்தால் பாதுகாப்புப் பியூஸ் உடனே போகும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பிளக்கின் பின்னை மாற்றித் தருகிற சின்ன அடாப்டர் வோல்டேஜை மாற்றாது. அதை மாட்டிவிட்டு ‘இனிப் பிரச்சினை இல்லை’ என்று நினைத்தவர்களின் வெளிநாட்டுச் சாமான்கள் என் மேசைக்கு அடிக்கடி வரும்.

ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் வாங்கிப் போடலாமே என்பீர்கள். போடலாம், வோல்டேஜ் சரியாகும். ஆனால் டிரான்ஸ்போமர் 50 ஹேர்ட்ஸை 60 ஆக்காது. கரண்டின் அதிர்வோடு சேர்ந்து துடிக்கிற சின்னப் பம்புகள் 60க்குச் செய்தவை என்றால் 50இல் மெதுவாகத்தான் ஓடும். ஹீட்டருக்கு அது பொருட்டில்லை. பலூன் நிரம்பும் வேகம்தான் குறையும். அப்புறம் அந்த டிரான்ஸ்போமர் இரண்டு மூன்று கிலோ பாரம், அதற்கும் காசு, யாராவது ஒரு நாள் அவசரத்தில் அதைத் தவிர்த்துவிட்டு நேரே சுவரில் மாட்டிவிடுவார்கள் என்ற பயமும் கூடவே. எக்ஸ்ட்ரீம் கியூவோடு தனி அடாப்டர் வரும். அதன் முதுகில் எழுதியிருப்பதை அத்தான் படம் எடுத்து அனுப்பட்டும். இன்புட் என்ற வரியில் 100-240 என்று இருந்தால் பிரச்சினை இல்லை. 110 அல்லது 120 என்று மட்டும் இருந்தால் அந்த அடாப்டரை இங்கே மாட்டாதீர்கள்.

அப்புறம் நம் காற்று. கல்லடி ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. அந்த உப்பு ஈரத்தில் தொடுமுனைகள் பச்சை பிடிக்கும், திருகாணி துருப்பிடிக்கும், போர்டில் உள்ள ஈயப் பற்று வெள்ளையாகும். கடலோர வீடுகளில் இருந்து வருகிற மெஷின்களை நான் திறக்கும் முன்பே எந்தப் பக்கத்து ஆள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். இதில் கிளாசிக் நன்றாகத் தாங்கும், ரிமோட்டும் திரையும் உள்ளது குறைவாகத் தாங்கும். உதிரிப்பாகம் என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: கண்ணாடி முழங்கை உடைந்தாலும், பலூன் கிழிந்தாலும், மட்டக்களப்பில் எந்தக் கடையிலும் கிடைக்காது, கொழும்பிலும் தேடி அலையவேண்டும். ஒவ்வொரு தரமும் அத்தானைத்தான் கேட்கவேண்டும். கை நடுங்குகிற ஒருவரிடம் கண்ணாடிப் பாகங்களைக் கொடுப்பதையும் யோசியுங்கள். வொல்கேனோவும் அவருக்கு லேசு இல்லை. பலூனைக் கழற்றி, வாய்ப்பகுதியை மாட்டி, சூடான அறையைத் தொடாமல் எடுத்து வைக்கவேண்டும். இந்த ஒரு விஷயத்தில் எக்ஸ்ட்ரீம் கியூவின் குழாய்தான் நல்லது, கதிரையில் இருந்தபடி மூச்சு விட்டால் போதும்.

பாவித்த மெஷின் பற்றி இன்னொன்று, இது வோல்டேஜைவிட முக்கியம். கனடாவில் 2018 முதல் கஞ்சா சட்டப்படி சரி. இங்கே வைத்திருப்பதே குற்றம். அந்த நண்பர் அந்த வொல்கேனோவில் என்ன போட்டார் என்பதை நீங்கள் ஊகிக்கலாம். அறையின் சல்லடையிலும் வால்விலும் பலூனிலும் பிசின் ஒட்டியிருக்கும், வாசமும் போகாது. இ-சிகரெட்டைச் சுங்கத்தில் பிடிக்கிற நாடு இது. பார்சலில் பெறுபவர் பெயர் உங்கள் அப்பாவுடையது. பாதி விலை என்ன, சும்மா கொடுத்தாலும் அந்தப் பழைய மெஷின் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இனி அந்த எழுதாத கேள்வி. சட்டியில் வேது பிடிக்கும்போது இரண்டு விஷயம் மூக்குக்குள் போகிறது: ஈரமான சூடு, இலையின் எண்ணெய் வாசம். வேப்பரைசரில் வருவது வறண்ட சூடான காற்று. ஈரம் கிடையாது. சளியை இளக்குகிறது என்று நாம் நம்புகிற பாதியை அது தரவே தராது. மற்றப் பாதிக்காவது மெஷின் வேண்டுமா? யூகலிப்டஸ் எண்ணெயின் முக்கியப் பொருள் சினியோல், அது தனியாகக் கொதிப்பது ஏறக்குறைய 176 பாகையில். ஓமத்தின் தைமோல் 232இல். துளசியில் இருக்கும் யூஜினோல் 250ஐயும் தாண்டும். இந்த எண்களைப் பார்த்தால் 100 பாகைச் சட்டியில் ஒன்றும் வரக்கூடாது. ஆனால் ஓமத்தைக் கொதிக்கவிட்டால் தெருவே மணக்கும், எல்லோருக்கும் தெரியும். காரணம், தண்ணீரில் கரையாத எண்ணெய் தண்ணீரோடு சேர்ந்து கொதிக்கும்போது தன் கொதிநிலைக்கு எவ்வளவோ கீழேயே நீராவியோடு கிளம்பிவிடும். வாசனை எண்ணெய்த் தொழிற்சாலைகள் இலையில் இருந்து எண்ணெய் வடிப்பதும் இந்த வழியில்தான். அதாவது உங்கள் அம்மாவின் சட்டி ஒரு வடிகலம். 230 பாகை வரை துல்லியமாக ஏறுகிற ஹீட்டருக்கு நீங்கள் கொடுக்கிற காசு, உங்கள் இலைகளுக்குத் தேவையே இல்லாத ஒரு திறமைக்கான விலை.

இன்னும் சில நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. மெஷினுக்கு இலை நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். வேலியில் பிடுங்கிய பச்சை நொச்சியை வைத்தால் முதலில் அதன் தண்ணீர்தான் காயும். அப்பாவுக்குச் சளி வருவது மாரியில், நம் மாரியில் துணியே காய்வதில்லை, இலை எங்கே காயும்? அரைகுறையாகக் காய்ந்ததில் பூஞ்சணம் பிடிக்கும், அதை நெஞ்சுக்குள் இழுப்பது சளியைவிடக் கெட்டது. ஆடாதோடையைப் போட்டுப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதன் சத்து வாசனை எண்ணெயில் இல்லை, அதனால்தான் அதைக் கஷாயமாகக் குடிக்கக் கொடுக்கிறார்கள். ஆவியில் அது வராது. கற்பூரத்தைச் சூடான ஹீட்டருக்குக் கிட்டக் கொண்டுபோகவே கூடாது, பற்றிக்கொள்ளும்.

வேது பிடிப்பதே உண்மையில் சளியை எடுக்குமா என்றால், அங்கே உறுதி குறைகிறது. தடிமனுக்கு ஆவி பிடிப்பது பற்றி நடந்த ஆய்வுகள் ஒரே முடிவுக்கு வரவில்லை. மூக்கு திறந்த மாதிரி இருக்கும், நித்திரை வரும், அது பொய் இல்லை. நோய் குறைகிறதா என்பது வேறு. அப்பாவுக்கு இழுப்பு இருந்தால் கடுமையான எண்ணெய் வாசமே மூச்சுக் குழாயைச் சுருக்கலாம், அது சட்டியில் வந்தாலும் சரி, ஜெர்மன் மெஷினில் வந்தாலும் சரி. ஒவ்வொரு மாரியிலும் நெஞ்சு கட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நெஞ்சுப் படம் எடுத்தாரா, ஊதிப் பார்க்கிற பரிசோதனை செய்தாரா என்று எழுதவில்லை. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளியைச் சோதிக்கவேண்டும் என்பது இங்கே சுகாதாரப் பகுதி திரும்பத் திரும்பச் சொல்வது. காசநோய் இன்னும் நம்மிடையே இருக்கிறது. மட்டக்களப்பில் மார்புநோய்க் கிளினிக் இருக்கிறது, காசும் இல்லை. மெஷின் வாங்க யோசிக்கிற நேரத்தில் அந்த வேலையை முதலில் முடியுங்கள். அங்கே நெபுலைசர் வேண்டும் என்று சொன்னால் அவர்கள் எழுதித் தருகிற மருந்தை மட்டும் அதில் விடுங்கள். நொச்சிக் கஷாயத்தை வடித்து நெபுலைசரில் ஊற்றுகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. மெஷின் அடைபடுவது சின்ன விஷயம், கிருமியும் தூசும் நேரே நுரையீரலுக்குப் போவதுதான் பெரியது.

வேது பிடிப்பது அவருக்கு ஆறுதல் என்றால் அதை நிறுத்தச் சொல்ல நான் யார்? கொதிதண்ணீரைப் பற்றிய பயத்தைத்தான் தீர்க்கவேண்டும். அதற்கு இங்கேயே பாமசியில் விற்கிற சின்னக் கரண்ட் ஸ்டீமர் போதும். அதிலும் இரண்டு வகை இருக்கிறது, வாங்கும் முன் உள்ளே பாருங்கள். மலிவான பிளாஸ்டிக் குவளைகளில் தண்ணீருக்குள் இரண்டு உலோகத் தகடு நிற்கும், கரண்ட் தண்ணீருக்குள்ளாலேயே ஓடும். சுத்தத் தண்ணீரில் ஆவி வராமல் ஒரு சிட்டிகை உப்புப் போடச் சொன்னால் அது இந்த வகைதான். சுவிட்ச் போட்டிருக்கும்போது விரலை விட்டால் ஷொக் அடிக்கும். கை நடுங்குகிறவருக்கு அது ஆகாது. தண்ணீரைத் தொடாமல் மூடிய ஹீட்டர் உள்ளது, தண்ணீர் வற்றினால் தானாக நிற்பது, அடி அகலமானது, இந்த மூன்றும் இருக்கிறதைக் கேட்டு வாங்குங்கள். இலையை அதற்குள் போடாதீர்கள், வெறும் தண்ணீர் மட்டும். ஆவி வருகிற வாய்க்கு முன்னால் கசக்கிய நொச்சியைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் வாசம் வரும், மெஷினும் பழுதாகாது. சட்டிதான் வேண்டும் என்று அவர் அடம்பிடித்தால் வேறு ஒருவர் தண்ணீரை ஊற்றட்டும், மடியில் வைக்காமல் உறுதியான மேசையில் சுவரோடு ஒட்டி வைக்கட்டும், பேரப்பிள்ளைகள் அந்த அறைக்குள் வரவேண்டாம்.

அத்தானுக்கு மனம் நோகாமல் என்ன சொல்வது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அவர் செலவழிக்க நினைத்த காசில் ஒரு பங்கில் நல்ல ஸ்டீமர் வாங்கலாம், மிச்சத்தில் விரல் நுனியில் மாட்டி ஒக்சிசன் பார்க்கிற சின்னக் கருவி ஒன்றையும் அவரையே அனுப்பச் சொல்லுங்கள்; பற்றரியில் ஓடுவதால் வோல்டேஜ் தொல்லை இல்லை, அப்பாவுக்கு உதவும், அத்தானும் தான் அனுப்பியதாகச் சொல்லிக்கொள்ளலாம். ஏற்கனவே புது எக்ஸ்ட்ரீம் கியூ வாங்கிப் பார்சல் ஏறிவிட்டது என்றால் பெட்டியை உடைத்த கையோடு சுவரில் மாட்டாதீர்கள். அடாப்டரின் முதுகில் உள்ள எழுத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.